ஆறு வாரப் படுக்கை

மாமனாரின் கைத்தடியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான்தான். மாரடைப்பு வந்து, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது. தடி இல்லையென்றால் பேசாமல் படுத்திருப்பார் என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால், குடையை ஊன்றிக்கொண்டு கூடத்தில் நிற்கிறார்.

மைசூர் சமஸ்தானத்தின் சர்வே இலாகாவில் ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் அவர். அதன் பிறகும் விடிந்ததும் லட்சுமிபுரத்து வீட்டிலிருந்து கிளம்பி, குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். மாமியார் எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: மாமனார், என் கணவர், நான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள். எனக்கு இருபது வயது.

ஒரு மார்கழிக் காலையில் ஏரிக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார். அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்பைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்லே, வாயு. ஓமம் போட்டு வெந்நீர் குடு" என்றார். கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் மார்பில் எது வலித்தாலும் வாயுதான். டாக்டர் வந்து துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. ஒரு மாதமாகவே மேடு ஏறினால் மார்பை அடைத்ததாம், இடது கை கனத்ததாம், நின்று நின்று நடந்தாராம். ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஓமத் தண்ணீர் டம்ளரை நங்கென்று வைத்தேன்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். இதயத்தில் பட்ட காயம் ஆறும்வரை, ஆறு வாரம், அசைவே கூடாது. தானாக உட்காரக் கூடாது, சவரம் செய்துகொள்ளக் கூடாது, சோற்றைக்கூட இன்னொருவர்தான் ஊட்ட வேண்டும்.

கணவர் ஆபீசுக்குப் போய்விடுவார். காவல் என் தலையில். நான் புளி கரைக்கப் போகும் நேரம் பார்த்து இறங்கி, ஜன்னலடியில் நின்று சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் வைத்தும் படுக்கையில் மலஜலம் கழிக்க ஒப்பவில்லை. மருமகள் இருக்கும் வீட்டில் அந்த அவமானத்துக்கு உயிரே போகலாம் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"படுத்தே கெடந்தா காலு செத்துப்போறதும்மா. சும்னே நாலு அடி வெச்சேன், அவ்ளோதான்" என்பார், 'சும்மா'வைக் கன்னடத்தில் சொல்லி. தினமும் நாலு அடி. தினமும் அதே பதில்.

நான்காவது வாரம், அவர் கொல்லைக் கதவுவரை போய்விட்ட அன்று, என் பொறுமை அறுந்தது. மாமனாரிடம் மருமகள் குரல் உயர்த்துகிற காலமில்லை அது. அழுதுகொண்டே சொன்னேன்: "அப்பா, உங்களுக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னா எல்லாரும் என்னைத்தான் கேப்பா. இவ சரியாப் பாத்துக்கலேன்னு ஆயுசுக்கும் சொல்லுவா. அதுதான் வேணுமா உங்களுக்கு?"

கொல்லைக் கதவைத் தானே சாத்தினார். பிறகு கட்டிலில் போய்ப் படுத்தார். "சரி. இனி எறங்கலே" என்றார்.

அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இருந்த பிடிவாதத்தை எல்லாம் அப்படியே திருப்பி, அசையாமல் கிடப்பதில் வைத்தார். மலஜலத்துக்கு வைத்திருந்த ஆளிடம் மறுப்புச் சொல்லவில்லை. நான் ஊட்டினால் வாயைத் திறந்தார். எனக்கு வெற்றிதான். உறவினர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது வாரம் இடது கெண்டைக்கால் வீங்கியது. உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை, நான் அவருக்குப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கையில் மூச்சுக்குத் திணறினார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். இதயம் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது என்று ஆறுதல்போலச் சொன்னார்.

நாற்பது வருடம் கழித்து என் கணவருக்கும் மாரடைப்பு வந்தது. நான்காம் நாளே ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் அவரை எழுந்து நடக்கச் சொன்னாள். ஆறு வாரம் படுக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அந்தக் காலம் அம்மா. அசையாம படுத்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்" என்றாள்.

மாமனாரைப் பற்றிச் சொன்னேன். எழுதுவதை நிறுத்தினாள். "அப்போ அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அம்மா. உங்க மேல தப்பில்லை" என்றாள். அந்தப் பழைய டாக்டரும் தினம் இரண்டு வேளை சைக்கிளில் வந்து பார்த்த நல்ல மனிதர்தான். பிறகு யார்மேல்தான் கோபித்துக்கொள்வது? அந்தக் கோபம் இன்றுவரை இறங்க இடமில்லாமல் என்னிடமே இருக்கிறது.

என் கணவரோ இரண்டு தலையணையில் சாய்ந்துகொண்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம், அசதியா இருக்கு" என்றார். படுக்க மாட்டேன் என்ற மனிதருக்கு எழுந்திருக்க மாட்டேன் என்கிற பிள்ளை. போர்வையை உருவினேன்.

"எழுந்திருங்கோ. உங்கப்பா என் பேச்சைக் கேட்டுப் படுத்தார். நீங்க கேட்டு நடங்கோ."

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் காலைக் கீழே வைத்தார். வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்ப அரை மணி நேரம் பிடித்தது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் அவர் முழங்கையை விடவில்லை.