ஆட்டோவில் மைக் பிடித்தவர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது தேர்தல் சமயம். மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டதால் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒருநேரம்தான் உலை வைத்தார்கள். தினமும் ஒரே கட்சியின் ஆட்டோ வரும். அதில் மைக்கில் பேசுகிறவர் ஒல்லியாக இருப்பார். தொண்டை கட்டாமலிருக்க, கன்னத்தில் எப்போதும் பனங்கற்கண்டை ஒதுக்கியிருப்பார். மாதா கோயில் பக்கம் வந்தால் மைக்கை அணைத்துவிடுவார்.

"எல்லாப் பெண்களுக்கும் மாதப் பணம் கொடுத்தோம்" என்று அவர் சொல்லச் சொல்ல, கருவாட்டுப் பெட்டியோடு நின்ற நான் ஒருநாள் வாய் திறந்துவிட்டேன்.

"எனக்கு வரலியே அண்ணாச்சி. ரெண்டு தடவ மனு குடுத்தாச்சு."

"எழுதிக் குடுத்தத வாசிக்கதுதான் என் சோலி, ஆச்சி. சரி, நாளைக்குச் சொல்லுதேன்."

கட்சி ஆபீசில் சொல்வார் என்று நினைத்தேன். மறுநாள் மைக்கிலேயே சொன்னார்.

"எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தோம். இந்தத் தெருவுல கருவாடு விக்கிற ஆச்சிக்கு இன்னும் கொடுக்கல!"

தெருவே சிரித்தது. "ஏளா, ஒன் சங்கதி கப்பல்காரனுக்கே கேட்டிருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆட்டோவில் வேறு குரல். தேர்தல் முடிந்து என் மனுவை விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இப்போது பணம் வருகிறது. என்னால் அவர் சோலி போயிற்றோ என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். எந்தக் கட்சிக் கொடி என்பதுகூட மறந்துவிட்டது. கற்கண்டை ஒதுக்கிப் பேசுகிறவரை எங்காவது கண்டால், அவர்தானா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.