சக்கரம் இல்லாத பஸ்

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பஸ் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருடமாகக் கண்டக்டர் வேலை. படியில் தொங்குகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், உள்ளே ஏறி வரும்வரை விசில் ஊதமாட்டாள். ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் தலைகீழாக நின்று கேட்டாலும் வண்டியை நிறுத்தமாட்டாள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. மூன்றாவதாக ஒன்று அவள் அகராதியிலேயே கிடையாது. பன்னிரண்டு வருடமாக அவளோடு வண்டி ஓட்டும் டிரைவர், "உன் விசில் என் காதுக்கே வர்றதில்லம்மா. நேரா காலுக்குப் போயிடுது" என்பார்.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் அந்த விசிலை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. பெற்ற மகள் அழுது புரண்டு கேட்டபோதும் கொடுக்கவில்லை.

மகள் நான்காம் வகுப்பு. ஒரு இடத்தில் நிற்காது அந்தப் பெண். வீடோ மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சமையல்கட்டிலிருந்து வாசல் கதவுக்கு ஓடினால் பதினோரு எட்டு. பன்னிரண்டாவது எட்டு வைப்பதற்குள் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அதனால் மகளின் ஓட்டமெல்லாம் பள்ளி மைதானத்தில்தான். அங்கே ஓடிவிட்டு வந்த நாளில் சொன்ன பேச்சைக் கேட்பாள், சோறு சாப்பிடுவாள், சமர்த்தாகத் தூங்குவாள். மைதானம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அவள் அம்மா எப்படித் தள்ளினாள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அந்த மைதானத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு காலை, பள்ளி வாசலில் முட்டி மோதிக்கொண்டு நின்ற கார்களுக்கு நடுவே ஒரு காரின் பக்கக் கண்ணாடி ஒரு குழந்தையின் முழங்கையைச் சிராய்த்துவிட்டது. உடனே பெற்றோர் கூட்டம் கூடியது. அதில் ஒரு கறுப்புக் கார்க்காரர் எழுந்தார். ஊரில் மூன்று செல்போன் கடை வைத்திருப்பவர். "கிரவுண்டுல பாதிய சிமெண்ட் போட்டுடுங்க மேடம். கார் எல்லாம் உள்ள வந்து, எறக்கி விட்டுட்டு, திரும்பிப் போயிடும். பிரச்சனை முடிஞ்சுது" என்றார். பல தலைகள் ஆடின.

அவள் எழுந்தாள். இரண்டு மணிக்கு டூட்டி, காக்கிச் சட்டையோடு வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தாள். ஒரு காலத்தில் அது வெள்ளை.

"ஸ்கூல் விடுற நேரத்துல என் பஸ்ஸு இந்த வாசல்ல தினமும் பதினோரு நிமிஷம் நிக்குது. இது நேத்து நான் மூஞ்சி தொடச்சது. எனக்காவது சம்பளம் குடுக்கறாங்க, பொகையக் குடிக்கறேன். நம்ம புள்ளைங்க எதுக்குக் குடிக்கணும்? தொண்ணூறு காரு வருது. அதுல பாதிப் பேர் வீடு நடக்கிற தூரந்தான். காரக் குறைங்க. கிரவுண்ட விட்டுடுங்க."

"யார் நடத்திக் கூட்டிட்டு வர்றது? நீங்களா?" என்றார் கறுப்புக் கார்க்காரர்.

கோபத்தில் சொன்ன வார்த்தைதான், ஆனால் சொன்னது சொன்னதுதான். "நான்தான்" என்றாள்.

தலைமை ஆசிரியை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார். ஒரு மாதம் அவகாசம். மாதக் கடைசி நாள் காலையில் வாசலுக்கு வரும் கார்கள் நாற்பதுக்குக் கீழே இருந்தால் மைதானம் பிழைத்தது. இல்லாவிட்டால் சிமெண்ட். எண்ணுகிற பொறுப்பு வாட்ச்மேனுக்கு.

மறுநாளே வண்டி கிளம்பியது. வண்டி என்றால் ஒரு நீலக் கயிறு. அதில் இரண்டடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு குழந்தை. நான்கு ஸ்டாப்பிங்: தண்ணீர்த்தொட்டி, பூங்கா வாசல், மருந்துக்கடை, தையல்கடை. முதல் நாள் பதினோரு பேர். முன்னால் அவள், கயிற்றின் கடைசியில் இரண்டு அம்மாக்கள். பழக்க தோஷம், ஆகாயமே கூரையாக இருக்கும் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு பாரு" என்று சத்தம் போட்டாள். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் கயிறு போதாமல் இன்னொரு கயிறு வாங்கினாள். வாட்ச்மேன் சுவரில் போடும் சாக்பீஸ் கோடுகள் தொண்ணூறிலிருந்து எழுபது, ஐம்பத்தைந்து, முப்பத்தாறு என்று இறங்கின. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கண்டக்டர் கண் சும்மா இருக்குமா? தையல்கடை ஸ்டாப்பிங்கில் மட்டும் இருபத்தைந்து பேர் ஏறினார்கள். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு நிமிட நடை. ஏறுகிற ஒருவர் ஷூவிலும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. டிக்கெட் எடுக்காதவர் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கும், அவள் அறிவாள். அந்தச் சாந்தம் இந்தப் பிள்ளைகள் முகத்தில் இருந்தது. தையல்கடை மூலை திரும்பி எட்டிப் பார்த்தாள். வரிசையாகக் கார்கள். பள்ளி வாசலில் குறைந்த கூட்டம் அப்படியே இந்தச் சந்துக்குக் குடிவந்திருந்தது. வாசலில் தொங்கவிட்ட வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறமாகிவிட்டன என்று தையல்காரம்மா அழாக்குறையாகச் சொன்னார்.

வாட்ச்மேனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "எனக்கு வாசலுக்கு வர்ற காருதாம்மா கணக்கு. முப்பத்தாறு. கிரவுண்டு உனக்கு. நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கறே?"

அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மைதானத்தில் மகள் நிழல்கூடத் தொடமுடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஆனால் டிக்கெட் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு பஸ் நிறைந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் தையல்கடை வந்தது. இரண்டு விசில் ஊதினாள். நீலக் கயிறு நிற்காமல் போனது.

கறுப்புக் கார்க்காரர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "ஏங்க, பசங்க நிக்கறாங்க, தெரியலையா?"

"இங்க ஸ்டாப்பிங் எடுத்தாச்சு சார். இனிமே எக்ஸ்பிரஸ்."

"இது என்ன நெஜ பஸ்ஸா?"

"நெஜ பஸ்ஸா இருந்தா ஃபைன் போட்டிருப்பேன் சார்."

விளைவு உடனே தெரிந்தது. கோபித்துக்கொண்ட கார்களெல்லாம் பள்ளி வாசலுக்கே திரும்பின. ஐம்பத்தெட்டுக் கோடுகள். மாதம் முடிய ஒரு வாரந்தான் இருந்தது. சாப்பிடும்போது மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "நீ சும்மா இருந்திருக்கலாம்ல மா" என்றாள். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆனால் நெரிசல் திரும்பியதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கார்கள் நகராமல் நிற்க, நீலக் கயிறு அவற்றைத் தாண்டிக்கொண்டு போனது. பிள்ளைகள் காருக்குள் இருந்த சிநேகிதர்களுக்கு டாட்டா காட்டினார்கள். கறுப்புக் காரின் கண்ணாடி இறங்கியது. இரண்டு ஜடை போட்ட ஒரு பெண் தலையை நீட்டி, "விசில் அக்கா, உங்க பஸ்ஸு எங்கேருந்து கெளம்புது?" என்று கேட்டாள்.

"தண்ணித்தொட்டி. எட்டு அஞ்சு."

"எங்க வீட்டு வாசல்லதான் தண்ணித்தொட்டி இருக்கு" என்றாள் அந்தப் பெண், அப்பாவைத் திரும்பிப் பார்த்தபடி. அப்பா முன்கண்ணாடியில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

மறுநாள் எட்டு மணிக்கே இரட்டை ஜடை முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காருக்குள் அடம்பிடித்த மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஐம்பத்தொன்று, நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு. நாளை கடைசி நாள்.

அன்று சாயங்காலம் டிப்போவில் சொன்னார்கள்: காலை ஷிப்ட் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் காய்ச்சல், நாளை விடியற்காலை அவளும் அவள் டிரைவரும்தான் வண்டியில் போக வேண்டும். கண்டக்டர் இல்லாமல் பஸ் கிளம்பாது. முடியாது என்று சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள். மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"நாளைக்கு நீதான். அம்மாங்க ரெண்டு பேரும் கூட வருவாங்க. ஒண்ணு ஊதினா?"

"நில்லு."

"ரெண்டு?"

"போ."

"மூணு?"

"மூணே கெடையாது" என்றாள் மகள். ஒரு வாரமாக இருந்த முறைப்பு அந்த நிமிடமே காணாமல் போனது.

காலையில் விசில் இல்லாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "ரைட், ரைட்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. "வாயால சொன்னா என் காலு கேக்க மாட்டேங்குதும்மா" என்று டிரைவர் வேறு அலுத்துக்கொண்டார்.

எட்டு இருபத்தைந்துக்கு பஸ் பள்ளித் தெருவில் திரும்பியது. வழக்கமாக மூலையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, செய்தித்தாளை எடுப்பார் டிரைவர். இன்று செய்தித்தாளில் கைவைத்தவர் அப்படியே நிமிர்ந்தார். தெரு கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடந்தது.

"என்னம்மா, இன்னைக்கு ஸ்கூல் லீவா?"

அவள் பின்படியிலிருந்து முன்படிக்கு ஓடினாள். அப்போது வெளியே எங்கிருந்தோ ஒரு விசில், ஒரே ஒரு விசில், கணீரென்று கேட்டது.

டிரைவரின் கால் பிரேக்கில் இறங்கியது. பஸ் நடுத்தெருவில் நின்றது. நிறுத்தியது யார் என்று அவர் திரும்பி அவள் கழுத்தைப் பார்த்தார். அங்கே கயிறு இல்லை.

சாலை ஓரத்தில் மகள் கையை நீட்டி நின்றாள், அம்மா நிற்கும் அதே மிடுக்கில். பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். டூட்டியில் இருந்ததால் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நீலக் கயிறு சாலையைக் கடந்தது. பத்து, இருபது, முப்பது என்று அம்மா முன்படியில் நின்றபடி பயணிகளை எண்ணுவதுபோல எண்ணினாள். அறுபத்துமூன்று. கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, பளபளக்கும் தோல் ஷூவில் முழுக்கத் தூசியோடு, கறுப்புக் கார்க்காரர் வந்தார். பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடந்தார்.

இரண்டு விசில். டிரைவரின் கால் தானாகப் பிரேக்கை விட்டது. பஸ் பள்ளி வாசலைத் தாண்டும்போது வாட்ச்மேன் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார். சாக்பீஸில் எழுதியிருந்தது: முப்பத்தொன்று.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார். "என்னம்மா கண்டக்டர், ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்தலாமா? நீயே இப்படிப் பண்ணினா எப்படி?"

"இனிமே அங்க ஸ்டாப்பிங் இருக்கு சார்" என்றாள் அவள்.