அரியாலை மேசையின் நாலாவது கால்

1. எண்ணெய்

தொலைபேசியில் குகன் சொன்ன முதல் வசனத்திலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தேவண்ணை, மேசையிலை எண்ணெய் ஊத்துப்பட்டுப் போச்சு."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய். விளக்குக்கு விட்டது."

"பில்லியர்ட் மேசையிலை ஆரடாப்பா விளக்கு வைச்சது?"

"பெடியள் நிரோவுக்கு எட்டுச்செலவு செய்தவங்கள் அண்ணை" என்றான்.

பில்லியர்ட் மேசை பொருத்திப் பூட்டுவதும், அதற்குத் துணி மாற்றுவதும்தான் என் தொழில். கொழும்பில் ஒரு கம்பனியில் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு குடாநாடு முழுக்கப் போய்ச் செய்து வருகிறேன். மேசைத் துணிக்கு நடக்கக்கூடாத எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. பியர் கொட்டியிருக்கிறது. பூனை குட்டி போட்டிருக்கிறது. ஒரு மாப்பிள்ளை கலியாணப் படத்துக்காகச் சப்பாத்தோடு ஏறி நின்றிருக்கிறார். ஆனால் இறந்தவருக்குப் படையல் வைத்த மேசை இதுதான் முதல்.

எட்டுச்செலவு வீட்டில் செய்கிற காரியம். இறந்து எட்டாம் நாளளவில், போனவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைத்து இலையில் படைப்பார்கள். நிரோவின் வீட்டிலும் முறைப்படி செய்திருந்தார்கள். அவனோடு பந்தடித்த பெடியளுக்கு அது போதவில்லை. குகனுடைய பில்லியர்ட் கிளப்பில் தாங்களும் தனியாக ஒன்று செய்துவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாலைக்குப் போனேன். மேசையின் நடுவில் வாழையிலை. அதில் கொத்துரொட்டி, நண்டுக் குழம்பு, ஒரு போத்தல் இஞ்சிச் சோடா. ஊதுபத்தியை, பந்தடிக்கிற கியூக் கம்பின் நுனிக்குப் பூசுகிற சோக் கட்டியில் குத்தி வைத்திருந்தார்கள். விளக்கு சரிந்து, எண்ணெய் பச்சைத் துணியில் ஒரு தாச்சிச் சட்டியளவுக்குப் பரவிக் கிடந்தது. நண்டுக் குழம்பு, பந்து விழுகிற பக்கப் பொக்கற்றுக்குள் வடிந்திருந்தது.

"நிலத்திலை ஒரு பாயைப் போட்டு வைச்சிருந்தால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டேன்.

பெடியளில் பெரிய வாய்க்காரன் துஷி. அவன்தான் பதில் சொன்னான். "அவன் எந்நேரமும் உந்த மேசையிலைதானே ஐயா கிடந்தவன். வேறை எங்கை வைச்சால் வந்து சாப்பிடுவான்?"

எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாமோ சொல்லியிருப்பேன். ஆனால் வாயைத் திறக்கும்போதே துஷியின் கண்கள் சிவந்து வீங்கியிருந்ததைக் கண்டேன். அளவு நாடாவை எடுத்துத் துணியை அளந்தேன்.

நிரோ என்கிற நிரோஜனுக்கு இருபத்துநாலு வயது. இடக்கைக்காரன். டெங்குக் காய்ச்சல் வந்து நாலாம் நாள் போய்விட்டான். கொழும்புவரை போய் ஆடி வென்று வந்தவன் என்றாலும், அவனை எல்லோரும் விரும்பியது அதற்காக இல்லை. ஆடும்போது அவனுடைய சட்டைக் கை பந்தில் பட்டால், யாரும் காணாவிட்டாலும் தானே கையைத் தூக்கி "பவுல்" என்று சொல்லுவான். தோற்கிறவனுக்கும் அவன்மேல் கோபம் வராது. இவ்வளவு நல்ல பிள்ளை காய்ச்சலோடு மூன்று நாள் குளிசையைப் போட்டுக்கொண்டு பந்தடித்திருக்கிறான். ஒருவன்கூட அவனைப் பிடித்து இரத்தம் சோதிக்க அனுப்பவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் நான் எண்ணெய்மேல் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

2. நீர்மட்டம்

அந்த மேசையை அங்கே பூட்டியது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்.

பில்லியர்ட் மேசைக்குத் துணியின் கீழே இருப்பது ஸ்லேற் கல். மூன்று துண்டு. அதைப் பொருத்தி, மூட்டில் மெழுகு விட்டு, நாலு காலுக்கும் அடியில் இருக்கிற ஸ்குருவைத் திருகி மட்டம் பார்க்க வேண்டும். மயிரிழை சரிந்தாலும் மெதுவாகப் போகிற பந்து வளைந்து போகும். குகனின் மண்டபம் கடல்நீரேரிக்குக் கிட்ட, பள்ளக் காணியில் மண் நிரப்பிக் கட்டியது. நிலம் இறுகிவிட்டதா என்று கேட்டேன். "கல்லு மாதிரி அண்ணை" என்றான்.

குமிழி ஓடுகிற நீர்மட்டத்தைக் கல்லில் வைத்து, அரை நாள் எடுத்து மட்டம் பிடித்தேன். முடித்து எழும்பும்போது ஒரு பெடியன் கியூவோடு காத்துக்கொண்டு நின்றான். அவன் வெள்ளைப் பந்தை மெல்ல உருட்டினான். குனிந்து பார்த்தான். திரும்பவும் உருட்டினான். மூன்றாந்தரமும் உருட்டிவிட்டு, "ஐயா, யன்னல் பக்கக் கால் கொஞ்சம் இறங்குது போலை கிடக்கு" என்றான்.

பசியோடு நின்றேன். "தம்பி, உன்ரை கண் பெரிசோ, என்ரை நீர்மட்டம் பெரிசோ?"

"நீர்மட்டம்தான் ஐயா" என்று சிரித்தான்.

"அப்ப நீ விளையாடு. என்ரை வேலையிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. குகன், உனக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

அந்தப் பெடியன் நிரோ.

பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே குகனைக் கேட்பேன். "மேசை எப்பிடி?" "அந்த மாதிரி அண்ணை, திறம்!" இறங்கிப் பார்த்ததில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் அந்த மேசையைப் பற்றிச் சொன்னேன். மானிப்பாயில் ஒருவர் மேசை சரிகிறது என்று முறைப்பாடு சொன்னபோது, "அரியாலையிலை சதுப்பிலை பூட்டினது ரெண்டு வருஷமா அசையேல்லை. உங்கடை நிலத்திலைதான் பிழை" என்று அவருடைய வாயை அடைத்தேன்.

3. பந்து போன பக்கம்

புதுத் துணி கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை சென்றது. அந்த மூன்று கிழமையும் மழை. நிரோவின் முப்பத்தோராம் நாளுக்குப் பெடியள் ஒரு ஞாபகார்த்தப் போட்டி வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னதாகத் துணியோடு போனேன்.

வாசலில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே நிரோவின் படத்துக்கு மாலை. கர்ப்பூர வாசம்.

"என்ன இது, கோயிலே?" என்றேன்.

"சத்தம் போடாமல் பாருங்கோ ஐயா" என்றான் துஷி. எண்ணெய்க் கறைக்கு அப்பால், மேசையின் நடுவில் வெள்ளைப் பந்தை வைத்துக் கையை எடுத்தான். பந்து கொஞ்சம் யோசித்தது போல நின்றது. பிறகு தானாக உருண்டு, யன்னல் பக்க மூலைப் பொக்கற்றுக்குள் விழுந்தது.

"அது நிரோன்ரை பொக்கற். கறுப்புப் பந்தை எப்பவும் உதுக்குள்ளைதான் போடுவான். அவன் போன பிறகுதான் இப்பிடி. வீடியோ எடுத்து அனுப்பினாங்கள். லண்டனிலை இருக்கிற சொந்தமெல்லாம் பாத்துப்போட்டு அழுகுதுகள்."

"விசர்க்கதை கதையாதை. உது ஆவி இல்லை, பள்ளம். ஆர் இந்த மேசையிலை ஏறி இருந்தது?"

"ஒருத்தரும் இருக்கேல்லை ஐயா."

"அப்ப ஆர் தள்ளினது? இரண்டு வருஷம் அசையாமல் நிண்ட மேசை!"

எனக்கு என் மேசையைப் பற்றிய கவலை. அவர்களுக்கு அவர்களுடைய நிரோவைப் பற்றிய கவலை. மாறிமாறிக் கத்திக்கொண்டு நின்றோம். சுவரோரமாகக் கதிரையில் ஒரு பெண் இருந்ததை அதன் பிறகுதான் கண்டேன். மடியில் நனைந்த குடை. நிரோவின் தாய், சுகந்தி. ஒவ்வொரு பின்னேரமும் வருகிறாராம். மகன் இருந்த காலத்தில் அந்த வாசலை மிதிக்காதவர்.

"அண்ணை, துணியை மாத்துங்கோ. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. உந்தப் பந்து போறதை மட்டும் நிப்பாட்டிப் போடாதையுங்கோ" என்றார்.

நான் துணிக் கட்டைக் கீழே வைத்தேன்.

"ஆசுபத்திரிக்குப் போகேக்கை 'போட்டு வாறன் அம்மா' எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவன். பின்னேரத்திலை இதிலை வந்து ஒருக்காப் பந்தை வைச்சுப் பாத்தால், வந்திருக்கிறான் எண்டு ஒரு எண்ணம். வேறை என்ன எனக்கு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பிள்ளையை இரண்டாந்தரம் கொல்ல வந்தவன் நான் என்பது போல. மேசையை இப்படியே விட்டால் போட்டிக்கு வருகிறவர்கள் சரிந்த மேசையில் ஆட வேண்டும். சட்டைக் கை பட்டதற்கே கை தூக்கியவனுடைய பெயரில் அப்படி ஒரு போட்டியா? நிமிர்த்திவிட்டால் இந்தத் தாய் நாளைக்கு எங்கே போவார்?

"எல்லாருக்கும் ஒரே பள்ளம்தானே ஐயா, பிறகென்ன?" என்றான் துஷி. அவனுடைய தலையில் குட்ட வேண்டும் போல இருந்தது. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்தேன்.

4. கீழே இருந்தது

நான் பூட்டியபோது நாலு காலிலும் ஸ்குருவில் இரண்டு புரி மட்டும் வெளியே தெரிய விட்டிருந்தேன். மூன்று கால்கள் அப்படியே இருந்தன, துருப்பிடித்து. யன்னல் பக்கக் காலில் ஸ்குரு ஒரு விரல் நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. துரு இல்லை. சைக்கிள் கிறீஸ் பூசிப் பளபளத்தது. காலின் உட்பக்கத்தில் நீலச் சோக்கால் சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, திருகிய நாட்களின் கணக்குப் போல. எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையில் பழைய துணியில் சுற்றி ஒரு ஸ்பனர் செருகியிருந்தது.

"குகன், ஆர் இந்தக் காலைத் திருகினது?"

"ஒருத்தரும் தொடேல்லை அண்ணை. நீங்கள்தானே தொடக்கூடாதெண்டு சொன்னனீங்கள்." பிறகு அவனுடைய குரல் மாறியது. "நிரோ மட்டும் காலமை வந்து உதுக்குக் கீழை குந்திக்கொண்டு இருப்பான். கேட்டால், சோக் விழுந்து போச்சு எண்டுவான்."

"ஓம், அவனுக்கு எந்த நாளும் சோக் விழும்" என்றான் துஷி.

நான் வெளியே வரவில்லை. வர முகமில்லை. நிலம் ஒவ்வொரு மாரிக்கும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெடியன் அன்றைக்கே கண்டு சொன்னான். நான் வாயை அடைத்தேன். அவன் குகனிடம் போய்க் கோள் சொல்லவில்லை, என்னைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. தானே ஒரு ஸ்பனரைத் தேடிக்கொண்டு வந்து, இரண்டு வருடம் என் வேலையைச் செய்து, பெயரை எனக்கு விட்டிருக்கிறான். நான் அந்தப் பெயரை மானிப்பாய்வரை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். எனக்கு அவன்மேலேயே கோபம் வந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

சொன்னவன்தானே.

கிறீஸ் பட்ட கையோடு வெளியே வந்து, தாயின் முன்னால் போய் நின்றேன். ஸ்பனரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏசியதையும் மறைக்கவில்லை.

"தங்கச்சி, பந்து போறது அவன் வாறதாலை இல்லை. அவன் வராததாலை. அவன் இருந்திருந்தால் உந்தப் பந்து அசையாது."

அவர் ஸ்பனரை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"உவனோ? உவனே இதைச் செய்தவன்? வீட்டிலை கேற் பிணைச்சல் கழண்டு ஒரு வருஷமாத் தொங்குது. ஒருக்காப் பூட்டி விடடா எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். நாளைக்கு அம்மா, நாளைக்கு அம்மா எண்டு ஓடிப்போடுவான். இஞ்சை வந்து ஆற்றையோ மேசைக்குக் கீழை குந்திக்கொண்டு…"

அதற்கு மேல் வரவில்லை. ஸ்பனரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். துஷி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். நானும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் திருகிறது?" என்று கேட்டார்.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக ஒரு ஆள் போதும். ஒரு மாதப் பள்ளத்தை ஒரேயடியாக எடுக்க ஒரு ஆளால் ஆகாது. துஷியும் குகனும் இன்னும் இரண்டு பேரும் மேசையின் பாரத்தைத் தாங்கினார்கள். அவர் சேலையைச் செருகிக்கொண்டு கீழே குந்தினார். நான் மேலே நீர்மட்டத்தை வைத்துக்கொண்டு, "இன்னும்… இன்னும் கொஞ்சம்… காணும், நிப்பாட்டு" என்றேன்.

அவர் எழும்பி வந்து வெள்ளைப் பந்தை நடுவில் வைத்தார். கையை எடுத்தார். நாங்கள் ஆறு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம்.

"நிக்குது" என்றார்.

"ஓம்" என்றேன்.

5. பிறகு

அன்றைக்கே துணியை மாற்றினேன். போட்டி நடந்தது. துஷி முதல் சுற்றிலேயே மானிப்பாய்ப் பெடியன் ஒருவனிடம் தோற்றுவிட்டு, "மேசை இப்ப சரியில்லை ஐயா, நிரோ இருக்கேக்கை இப்பிடியில்லை" என்று என்னிடமே வந்து சொன்னான். குட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் குட்டவில்லை.

மானிப்பாய்க்காரரிடமும் போய் அவருடைய மேசையைத் திரும்பப் பார்த்தேன். பிழை நிலத்தில் இல்லை, என் மெழுகு மூட்டில். அதையும் அவரிடம் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீர்மட்டம் வேலை முடிந்த நாளைத்தான் காட்டும். மேசையோடு இருக்கப் போகிறவன் மற்ற நாட்களைக் காண்பான். அவன் வாயைத் திறந்தால், பசியோடு நின்றாலும் கேளுங்கள்.

அரியாலை மேசைக்கு இப்போது மாதத்துக்கு ஒருமுறை நானே போகிறேன். மாரியில் இரண்டு முறை. என் பெட்டி நிறைய ஸ்பனர் இருக்கிறது. ஆனால் சுகந்தி விடுவதில்லை. அந்தக் காலுக்கு அந்த ஸ்பனர்தான் சரி என்கிறார். அது அவருடைய வீட்டில் இருக்கிறது. நான் போய்க் கேற்றடியில் ஹோர்ன் அடித்துக் காத்து நிற்க வேண்டும். தா தங்கச்சி, நான் கொண்டுபோறன் என்றாலும் தரமாட்டார். குடையை எடுத்துக்கொண்டு தானும் வருவார். வரும்போது அந்தக் கேற்றை மெல்லத் தூக்கித்தான் சாத்த வேண்டும், பிணைச்சல் இன்னும் தொங்குகிறது. நான் ஐந்து நிமிடத்தில் பூட்டிவிடுவேன். கேட்டும் பார்த்தேன்.

"வேண்டாம் அண்ணை. அது அவன்ரை வேலை" என்றார்.