பால்காரர் சங்கத்தின் ஒற்றை வேலை

பிரிக்பீல்ட்ஸ் பால்காரர் சங்கக் கமிட்டியில் ஒரே பெண் வீரம்மா. ஆறு மாடு, ஒரு கொட்டகை, எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கும் வாய். புருஷன் இறந்ததும் அவர் இடத்தில் இவளை உட்காரவைத்தவர்கள் அந்த வாயைக் கணக்கில் எடுக்கவில்லை, பாவம்.

கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஐந்து பேரில் யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று ஆளுக்கு இரண்டு வேலை எழுதுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பத்தும் அப்படியே கிடக்கும். 1931-இல் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, கொட்டகைக் கழிவுநீர் அடுத்த மூன்று மாதத்துக்குள் வடியாவிட்டால் எல்லார் லைசென்சும் போகும் என்றார். அன்றைக்கும் தலைவர் தம்புசாமி பத்து வேலைதான் எழுதினார். சாக்கடை ஏழாவது.

"அண்ணே, லைசென்ஸ் போச்சுன்னா மத்த ஒம்பதும் யாருக்கு?" என்றாள் வீரம்மா. "சாக்கடை ஒன்னை மட்டும் எழுதுங்க. அஞ்சு பேரும் அதையே பாப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள். இரண்டு மாதம் சாக்கடை வெட்டினார்கள். தண்ணீர் லாலாங் புல்லுக்குள் புகுந்து எங்கோ தேங்கியது. எங்கே என்று தெரியாமல் வீரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலை, ஒரு வைக்கோலைத் தண்ணீரில் போட்டு, முழங்கால் உயரப் புல்லை விலக்கி அதன் பின்னாலேயே போனாள். அது மெல்ல மிதந்துபோய் அவளுடைய கொட்டகையின் பின்சுவரில் முட்டி நின்றது. கொட்டகைக்கு அந்தப் பக்கம் கிள்ளான் ஆற்றுச் சரிவு.

பேசாமல் திரும்பியிருக்கலாம், பார்த்தவர் யாருமில்லை. திரும்பவும்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன். ஆனால் தண்ணீர் போகும் வழி தெரிந்த பிறகு தெரியாதவள் மாதிரி இருக்க அவளால் முடியவில்லை. மறுநாள் கமிட்டியை அங்கேயே கூட்டி வந்தாள்.

"இங்க வெட்டணும்."

"பாதிக் கொட்டகை போயிருமே, தங்கச்சி" என்றார் தம்புசாமி. "மாட்டை எங்க கட்டுவே?"

"மூணை வித்துடறேன்."

வேறு இடம் காட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; எல்லாருக்கும் லைசென்ஸ் கிடைத்தது. வீரம்மாவுக்கு மூன்று மாட்டுக்கு மட்டும்.

மூன்று மாட்டுப் பால் போதாமல், அடுத்த வாரத்திலிருந்து அவள் பால் ஊற்றிய வீடுகளில் பாதிக்குத் தம்புசாமி ஊற்றினார். எதிரே அவர் வந்தபோது வீரம்மா அவருடைய பால் பாத்திரத்தைப் பார்த்தாள். ஏன் என்றுகூடக் கேட்காமல் மிச்ச வீடுகளுக்கு நடந்தாள்.