சிலுவை தூக்கும் நாட்களில் அவர் குடிக்கமாட்டார்

இயேசு என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா, இல்லை கட்டுக்கதையா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறேன். அந்தக் கேள்வி என் வீட்டில் செய்த வேலை எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி கம்பெனியில் வேலை. குடிப்பார். ஆனால் பெரிய வெள்ளியன்று எங்கள் கோயில் நடத்தும் சிலுவைப்பாதையில் இயேசுவாக வருவது அவர்தான். அந்த வேஷம் கட்டுகிறவர் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து குடிக்கக்கூடாது, கறி தின்னக்கூடாது. எங்கள் பங்குக் கோயிலில் அப்படி ஒரு கட்டு. தவக்காலம் முழுக்க வளர்ந்த தாடியோடு வீட்டில் உட்கார்ந்து மகளுக்குக் கணக்கு சொல்லித் தருவார். எனக்கு வருஷம் என்றால் அந்த நாட்கள்தான்.

போன தவக்காலத்தில் கூட வேலை செய்யும் ஃபிட்டர் ஒருவன் கம்பெனி பஸ்ஸில் ஏதோ வீடியோ காட்டியிருக்கிறான்.

"அப்படி ஒரு ஆளே இல்லியாம்டி. பின்னாடி வந்தவங்க கட்டிவுட்டதாம்," என்றார், சோற்றில் கை வைத்துக்கொண்டு.

"இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா. நீ துன்னு."

"இல்லாத ஆளுக்காவ நான் எதுக்கு வாயக் கட்டிக்கினு கெடக்கணும்?"

ஃபாதரிடம் போய்க் கேட்டார். நானும் போனேன். ஃபாதர் கோபப்படவில்லை. இயேசு வாழ்ந்தார், சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதைச் சரித்திரம் படித்தவர்களில் சாமியை நம்பாதவர்கள்கூடப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள் என்றார்.

"அப்போ உயிரோட எழுந்தது, ஃபாதர்?"

"அது விசுவாசம்ப்பா. சரித்திரத்தை வெச்சு அதை நிரூபிக்க முடியாது."

நேர்மையான பதில். எனக்கு, ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றிருந்தது.

"பாதிக்குத்தான் கேரண்டி," என்று வெளியே வந்து இவர் சிரித்தார். பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் குடித்துவிட்டு வந்தார். வேஷத்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு ஒட்டுத்தாடி.

பெரிய வெள்ளியன்று அந்த ஒட்டுத்தாடிக்காரன் சிலுவையோடு இரண்டாம் முறை விழுகிற இடத்தில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"டேய், கழுத்துல வாங்காத. தோள்ல வாங்கு. முட்டி பேந்துடும்."

என் வீட்டுக்காரர்தான். போதையில் நிற்க முடியாமல் நிற்கிறார்.

"யோவ் பழைய இயேசு, ஊட்டுக்குப் போய்யா," என்றான் ஒருத்தன். சிலுவைக்குப் பின்னால் அழுதுகொண்டு போன பொம்பளைகளே சிரித்துவிட்டார்கள்.

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் அவன் சிலுவையைத் தப்பாகத் தூக்குகிறான் என்பதே பேச்சு.

"அவ்ளோ தெரிஞ்சா அடுத்த வருஷம் நீயே தூக்குய்யா."

"யாருக்காவடி?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

எனக்காக என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இருந்த எரிச்சலில், "மூடிக்கினு நட," என்றுதான் சொன்னேன். திரும்பவும் அவர் அதைக் கேட்கவில்லை.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று ஷிப்ட் முடிந்து நேராகப் பிராந்திக் கடைக்குப் போனார்.