கம்பி காட்டிய மஞ்சள்

காசிமேட்டில் அம்மாவோடு கருவாட்டுக்கு உப்புப் போட்டுவிட்டுத்தான் தினமும் ஆசிரியர் பயிற்சிக்கு ஓடுவேன். பஸ்ஸில் கருவாட்டு வாடை அடிக்கும் கைகளைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொள்வேன்.

ஒருநாள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பொட்டாசிய உப்பைக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டினேன். ஊதாவாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தது. ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பிலும், சாதாரண உப்பில் இருக்கும் சோடியத்தின் மஞ்சள் கோடு பளிச்சிட்டது.

“கருவாட்டுக் கையால கம்பிய தொட்டியாடி? அதான் இப்டி கீது” என்று சிரித்தாள் தோழி மும்தாஜ்.

எனக்குச் சுருக்கென்றது. கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சுட்டு, ஆறியதும் அவளிடம் நீட்டினேன். “இப்ப நீ தொடு.”

தொட்டாள். சுடரில் காட்டினேன். அதே மஞ்சள்!

“வேர்வைலயும் உப்பு கீதுடி. எல்லார் கையும் கடல்தான்!” என்றேன்.

ஆய்வகமே கைதட்டியது. மறுபடி சுத்தம் செய்த பிறகு, யாரும் தொடாத கம்பியில் பொட்டாசியம் ஊதாவாக எரிந்தது.

இன்று திருவொற்றியூர்ப் பள்ளியில் என் முதல் பாடம் அதுதான். பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, என் விரலைத்தான் முதலில் கம்பியில் வைக்கிறேன்.