ராஸ்க் என்றதும் எழுந்த இரண்டு குரல்கள்

யோன்ஸ் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மாட்டுக்கொட்டகையில் எலி ஓடினால்கூட வெளியே வந்து நின்றுகொள்வான். அவனைப் பிடித்து அல்மெரீட் ஊர்ப் பண்ணைக்காரர்கள் சிப்பாயாக்கினார்கள் என்றால், வேறு ஆள் அகப்படவில்லை என்று அர்த்தம்.

அந்த நாட்டுச் சட்டப்படி சில பண்ணைகள் சேர்ந்து அரசருக்கு ஒரு சிப்பாயைத் தர வேண்டும். அவன் குடியிருக்க ஒரு குடிலும் தர வேண்டும். குடிலுக்கென்று ஒரு பெயர் உண்டு. யார் வந்து குடியேறினாலும் அதுதான் அவனுடைய குடும்பப்பெயர். அப்பன் பெயரைச் சேர்த்து யோன்ஸ் பேர்ஷன் என்று திரிந்தவன் ஒரே நாளில் யோன்ஸ் ராஸ்க் ஆனான்.

அவனுக்கு முன்னால் இருந்த ராஸ்க்குகளில் ஒருவன் ஜெர்மனியில் குண்டடிபட்டுச் செத்தான். அடுத்தவனை முகாமில் பேதி கொண்டுபோனது. அதற்கடுத்த ஹோக்கன் பின்லாந்துப் போரோடு சரி. செத்துவிட்டான் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அவன் மனைவி ஏலின் குடிலைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

"அவளையே கட்டிக்கடா," என்றார் பண்ணைக்காரர் ஸ்வென். "ஒரு பொம்பளைய நடுத்தெருவுல விட்ட பாவம் எங்களுக்கு வேணாம். உனக்கும் சமைச்சுப்போட ஆளாச்சு."

ஊரில் நடக்கிற வழக்கம்தான். கட்டிக்கொண்டான். குழந்தைகளும் பிறந்தன. யோன்ஸுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஹோக்கனின் உடலை யாரும் பார்க்கவில்லையே. யாராவது கதவைத் தட்டினால் ஏலினைத்தான் திறக்கச் சொல்வான்.

"பேய் வந்தா என்னையில்ல தேடும்? நீங்க எதுக்கு நடுங்குறீங்க?" என்பாள் அவள்.

"பேய்னா பரவால்லடி. ஆளே வந்துட்டா?"

அதற்கு அவள் சிரிப்பதில்லை. முதல் புருஷன் உயிரோடு வந்தால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. வீடு, மனைவி, பிள்ளைகள் எல்லாமே கைவிட்டுப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சிப்பாய்கள் வழக்கம்போல் தேவாலயச் சுவரோரம் வரிசையில் நின்றார்கள். கார்ப்பரல் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ராஸ்க்."

"இருக்கேன்," என்றான் யோன்ஸ். அதே நொடியில் வாசற்பக்கமிருந்து இன்னொரு குரலும் "இருக்கேன்" என்றது.

 யோன்ஸுக்குத் திரும்பிப் பார்க்காமலே அது யாரென்று தெரிந்துவிட்டது. வாசலில் நின்றவனுக்கு ஒரு சட்டைக் கை வெறுமையாகத் தொங்கியது. ஏலின் இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்; அது வீறிட்டது. ஹோக்கன் அவளைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், வரிசையில் வெளிறி நின்றவனைப் பார்த்தான். 

"பழக்கதோஷம், கார்ப்பரல்," என்றான் ஹோக்கன். "பேரு காதுல விழுந்ததும் வாய் தானா சொல்லிடுச்சு. ஒத்தக் கையால நான் எங்க துப்பாக்கி தூக்குறது? அந்த வீட்டு ராஸ்க் அவருதான்."

"அப்ப பேரையும் விட்டுட்டுப் போ," என்றார் கார்ப்பரல்.

"ருஷ்யாக்காரன்கிட்ட கைதியா இருந்த இத்தன வருஷமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் உதை வாங்கினேன். அதைத் தரமாட்டேன்."

அவன் பக்கத்து ஊருக்குப் போய்விட்டான்.  "அவருக்கு அந்த இருமல் இன்னும் விடல," என்றாள் ஏலின், வீடு திரும்பும் வழியில். யோன்ஸுக்கு அழுகை வந்தது.

ஹோக்கனுக்கும் அங்கே ஒருத்தி வாய்த்தாள். பாதிரியார் எதையும் தோண்டிக் கேட்கவில்லை. இன்று அந்தப் பக்கம் ராஸ்க் என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். ஒருவருக்கொருவர் சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது.

யோன்ஸின் பயம் மட்டும் போகவில்லை. அதன்பிறகு பெயர் கூப்பிட்டால் வேறு குரல் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வான். தாமதத்துக்குத் திட்டு வாங்கியே காலம் போனது. நரைத்த பிறகு படையிலிருந்து விடுவித்தார்கள். குடிலுக்குப் புது ஆள் வந்தான்.

அடுத்த ஞாயிறு, சுவரோரம் வேடிக்கை பார்த்து நின்றான் யோன்ஸ்.

"ராஸ்க்."

"இருக்கேன்," என்றான் புதியவன். யோன்ஸின் வாயும் "இருக்கேன்" என்றது, இம்முறை தாமதமே இல்லாமல். புதியவன் முகம் வெளிறித் திரும்பினான்.

"பயப்படாதப்பா," என்றான் யோன்ஸ். "பழக்கதோஷம்."